தம்பி பெயரில் வந்த பதில்

அத்தியாயம் பதினொன்று

அப்பாவின் கேள்விகளுக்கு ஓர் அணை கட்டிவிட்டு, கொஞ்ச நாளாக நிம்மதியாக இருந்தான் தம்பிக்காரன். அந்த வீட்டில் நிம்மதிக்கு ஆயுசு குறைவு.

இந்த வாரம்தான் நம் கதைக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் உலகத்தை விசாரிக்கிறார். மூத்தவள் தனி வீட்டில் இருந்துகொண்டு பஸ் ஓட்டுகிறாள். இளையவன் மென்பொருள் பொறியாளன். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் போட்டு, இது ஏன், அது எப்படி என்று எல்லோர் உயிரையும் வாங்கியதால் வீட்டில் அவனுக்குக் குடைச்சல் என்றே பெயர்.

இப்போது குடைவது அப்பா. எக்ஸ்ரேயை டாக்டருக்குப் பதிலாக மெஷினே பார்க்கப் போகிறதாமே, தப்பாகச் சொன்னால் யார் சட்டையைப் பிடிப்பது என்று காலையில் ஒரு கேள்வி. முகத்தைக் காட்டினால் கடையில் சாமான் கொடுக்கிறானாமே, முகம் வீங்கிப்போனவன் பட்டினி கிடப்பதா என்று மதியம் ஒன்று. மகன் மீட்டிங்கில் இருந்தாலும், கழிவறையில் இருந்தாலும் பதில் வந்தாக வேண்டும்.

அதற்குத்தான் அந்த ஏற்பாடு. அப்பாவும் அக்காவும் அனுப்பும் செய்திகளுக்கு, அவன் பெயரில், அவன் பேசுகிற மாதிரியே பதில் போட ஒரு நிரலை எழுதி வைத்தான். தன் பேச்சு அதற்குப் பிடிபட வேண்டுமே என்று, இதுவரை தான் எழுதியதையெல்லாம் அதற்குள் கொட்டினான். இருபதுகளில் அவன் ஞாயிறு தவறாமல் இணையத்தில் எழுதியவன். தொழில்நுட்பம், சமூகம், அன்றைய செய்தி என்று எதையும் விட்டதில்லை. பிறகு பதவி உயர்வு வந்தது, எழுத்து நின்றது. எழுதியவனுக்கு வயது ஏறிவிட்டது, எழுத்துக்கு ஏறவில்லை என்கிற சின்ன விஷயம் மட்டும் அவன் மண்டையில் உறைக்கவில்லை.

முதல் சில நாள் பதில்களைப் படித்துப் பார்த்தான். சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் படிப்பதையே விட்டுவிட்டான்.

இன்று காலை, டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த அப்பா, அவன் சமையலறைக்குள் வந்ததும் வராததுமாகப் பாராட்டினார்.

"நேத்து அக்காவுக்கு நீ போட்ட பதிலைப் படிச்சேன்டா. பழையபடி எழுத ஆரம்பிச்சுட்ட. நடுவுல ரொம்ப வழவழன்னு ஆயிட்ட நீ."

வழவழ என்றதை விழுங்கிக்கொண்டு, தெரிந்தவன் போலத் தலையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டான்.

மூன்று பேருக்கும் பொதுவான குழுவில் அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே கேமரா வைக்கப் போகிறார்களாம். கண் செருகினால் கத்துமாம். இதற்கு டிப்போவில் எல்லோரிடமும் கையெழுத்து கேட்கிறார்களாம். என்ன செய்வது?

அவன் பெயரில் வந்திருந்த பதில்: "எல்லாரும் ஒரு கருவி யாரைப் பார்க்குதுன்னுதான் கேக்குறாங்க. அது யாரைப் பார்க்காம விடுதுன்னு கேளு அக்கா. ஓட்டுறவ கண்ணைப் பார்க்குற கேமரா, ட்ரிப் அட்டவணை போடுறவன் மேசையைப் பார்க்குதா?"

யாருடா இவன், விவரமாகப் பேசுகிறானே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அது இருபத்தைந்து வயதில் தான் எழுதியது என்று ஞாபகம் வந்தது. அவனுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. மூடிக்கிடந்த கழிப்பறைத் தொட்டி மேல் உட்கார்ந்து, வேறு யாருடைய கடிதத்தையோ பிரித்துப் படிக்கிற ஆர்வத்தோடு மேலே மேலே தள்ளினான். ரேகை வைத்து வருகைப் பதிவு எடுப்பது பற்றி அப்பா கேட்டதற்கு, மூட்டை இழுத்து இழுத்து உங்கள் கட்டைவிரலில் ரேகையே இல்லை, அந்த மெஷினைப் பொறுத்தவரை நீங்கள் வேலைக்கே வராதவர் என்று அந்த இருபத்தைந்து வயதுக்காரன் சொல்லியிருந்தான். நல்ல பையன். ஆனால் இந்தக் கேமரா உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறது என்பது அவனுக்கு எங்கே தெரியும்? இவனுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கேமராவுக்கு நிரல் எழுதுவது இவனுடைய குழு. அதை மட்டும் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று கம்பெனியில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அது அவனுக்கும் வசதியாக இருந்தது.

கீழே வந்தபோது வேடிக்கை முடிந்தது.

அதை ஏமாற்ற முடியுமா என்று அக்கா கேட்டிருந்தாள். பதில்: "கறுப்புக் கண்ணாடி போட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. நானே சோதிச்சுப் பார்த்திருக்கேன்."

சோதித்தது உண்மை. பல வருஷத்துக்கு முன்னால், ஒரு பொம்மைக் கேமராவில். இப்போதைய கேமரா, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடித்து, கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயும் இமையைப் பார்க்கும். அதைச் செய்ததற்காகத்தான் போன வருஷம் இவனை மேடையேற்றிக் கை தட்டினார்கள்.

விடியற்காலையில் அக்கா கடைசியாகப் போட்டது இது: "மேனேஜர்கிட்ட பந்தயம் கட்டிட்டேன். சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது கேட்ல, எல்லார் முன்னாடியும் கண்ணாடி போட்டுட்டுத் தூங்குற மாதிரி நடிப்பேன். கத்தலைன்னா கேமரா கிடையாது. கத்திச்சுன்னா முதல் கையெழுத்து என்னோடது, பின்னாடியே எல்லாரும் போட்டுடுவோம்."

அதற்கும் பதில் போயிருந்தது. "தூள் அக்கா. நான் உன் பக்கம்தான்."

வயிற்றைப் பிசைந்தது. அக்காவுக்குப் போன் போட்டான். வண்டியில் இருக்கும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது டிப்போ விதி; அவள் போன் அணைந்திருந்தது. நிரலை உடனே நிறுத்தினான். வெளியே வந்தவனிடம் அப்பா, சாயங்காலம் டாக்சி பிடித்து டிப்போ வாசலுக்குப் போகப் போவதாகச் சொன்னார். சொல்லிக் கொடுத்தவன் வந்து நிற்காமல் இருக்கலாமா என்றும் கேட்டார்.

அன்று மதியம் அலுவலகத்தில் இதே கேமராவைப் பற்றித்தான் மீட்டிங். ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் முடியும். மேலதிகாரிக்கு வயிறு சரியில்லை என்று செய்தி அனுப்பினான். பொய் இல்லை.

அக்கா ஓட்டுகிற தடம் தெரியும். கடைத்தெரு முனையில் நின்று, இரண்டு வண்டியை விட்டு, மூன்றாவதில் ஏறினான். கண்ணாடியில் அவனைப் பார்த்ததும் அக்காவின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது. அவளுக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தான். எதிரே, ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்ற பலகை. அக்கா அதை மதிக்கிறவள். "கடைசி ஸ்டாப்ல" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

பேச முடியாதவன் வேறு என்ன செய்வான், பார்த்தான். அவள் வேலை செய்வதை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஒரு கிழவர் ஏற வசதியாக வண்டியை ஓரக் கல்லோடு உரசிக்கொண்டுபோய் நிறுத்துகிறாள். குறுக்கே பாய்கிற மோட்டார் சைக்கிளை உதட்டுக்குள்ளேயே திட்டுகிறாள். வலது கட்டைவிரலில் நீல நிறத்தில் ஒட்டுப் பட்டை சுற்றியிருந்தாள். மூட்டு வலிக்கு இருக்கும். ஸ்டியரிங்கை வளைத்துவிட்டுத் திரும்ப விடும்போது, அந்த விரலை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

அந்தத் தூக்கல் அவனை என்னவோ செய்தது. எங்கேயோ பார்த்தது போல இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. போன தடவை அக்காவைப் பார்த்தபோது விரலில் பட்டை கிடையாது. இருந்தாலும் அந்த விரலை அவனுக்குத் தெரியும். ஸ்டாப் ஸ்டாப்பாக யோசித்துக்கொண்டே வந்தான்.

கடைசி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியதும் அக்கா ஓட்டமாகக் கழிவறைக்குப் போய்விட்டு வந்தாள். அட்டவணையில் அதற்கு மட்டும்தான் நேரம் உண்டு. வந்து படியில் உட்கார்ந்தாள்.

"என்னடா குடைச்சல், பஸ்ல எல்லாம் ஏறியிருக்க? ரோடு உடம்புக்கு ஒத்துக்குச்சா?"

அவன் சுற்றி வளைக்கவில்லை. கண்ணாடி போட்டாலும் கேமரா கத்தும் என்றான். எப்படித் தெரியும் என்றால், அதைக் கத்த வைக்கிறவனே நான்தான் என்றான். பதில் போட்டது தான் இல்லை, தான் எழுதி வைத்த ஒரு நிரல் என்றான். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

கேமரா அவன் செய்தது என்றதற்கு அவள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. யாராவது ஒருத்தன் செய்யத்தானே போகிறான் என்றாள். அவளுக்கு உறைத்தது மூன்றாவது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"குரூப்ல போட்டது மட்டுமா, எனக்குத் தனியா வந்ததுமா?"

தனியாக வந்ததை அவன் இன்னும் படிக்கவில்லை. அது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். போன மாதம் கடைசி ட்ரிப்பில் அவள் தூங்கிவிட்டாள். விடியலில் ஒரு ஷிப்ட், சாயங்காலம் ஒரு ஷிப்ட், நடுவில் வீட்டுக்குப் போய்ப் படுக்கவும் முடியாத இடைவெளி என்று அட்டவணை மாறியதிலிருந்தே கண் எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பங்க் வளைவில் ஒரு நொடி. முன்சக்கரம் நடைபாதை மேல் ஏறிய குலுக்கலில் முழித்துக்கொண்டாள். நடைபாதையில் யாரும் இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும், இரண்டு நாள் தயங்கி, எழுதி அனுப்பினாள்.

"தூங்கினது உன் தப்பு இல்லைக்கா, அட்டவணை போட்டவன் தப்புன்னு பதில் வந்துச்சு. படிச்சுட்டு அழுதுட்டேன். மறுநாள் வண்டி எடுத்தேன்னா அதை நம்பித்தான் எடுத்தேன்."

அவன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"பதில் நல்லாத்தான் இருந்துச்சுடா. அதான் எரியுது. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"லீவு போடுன்னு சொல்லியிருப்பேன். கிளம்பி வந்திருப்பேன்."

"வந்திருக்க மாட்ட. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்னு போட்டிருப்ப."

அவள் கட்டைவிரல் பட்டையின் நுனியைப் பிய்த்து, திரும்ப ஒட்டினாள். அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

சோதனைக்கென்று பஸ் கம்பெனி அனுப்பிய வீடியோக்களில் ஒன்று. ஓட்டுநர் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக முகத்தை மட்டும் அழித்துவிட்டு அனுப்புவார்கள். ஸ்டியரிங்கும் கைகளும் தெரியும். அந்த வீடியோவில் தலை மெதுவாகச் சரியும், பிடி தளரும், வண்டி ஒரு பக்கம் தூக்கிப் போடும், கைகள் பதறி ஸ்டியரிங்கைப் பற்றும். தலை சரிவதற்கு எவ்வளவு முன்னால் கத்த வேண்டும் என்று அதை வைத்துத்தான் அவன் அளந்தான். முன்னால், பின்னால் என்று எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பான். அலுவலகத்தில் அதற்கு 'நீலக் கட்டைவிரல்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். டீ குடித்துக்கொண்டே, நீலக் கட்டைவிரலை இன்னொரு தடவை போடு என்பார்கள்.

அக்கா சாகப் பார்த்ததை அவன் மாதம் முழுக்கப் பார்த்திருக்கிறான். அக்கா என்று தெரியாமல்.

அதையும் அவளிடம் சொன்னான். அவள் உடனே கோபப்படவில்லை. எழுந்து வண்டிக்குள் போய், இருக்கைக்கு எதிரே, கடிகாரம் இருக்கிற பலகை, காற்றுத் துவாரம், கூரை ஓரம் என்று விரலால் தடவிப் பார்த்தாள். துவாரத்துக்குப் பக்கத்தில், திருகாணி கழற்றிய இரண்டு ஓட்டைகள் இருந்தன. உள்ளே இன்னும் வெள்ளையாக, புதிதாக.

"வெச்சு, பார்த்து, கழட்டிட்டும் போயிட்டானுங்க," என்றாள். பிறகு, அந்தக் கேமரா கத்துவதோடு நிறுத்திக்கொள்ளுமா, வேறு எங்கேயாவது சொல்லுமா என்று கேட்டாள். இரண்டு வகையாகவும் வைக்கலாம் என்றான் அவன். ஓட்டுகிறவளை மட்டும் எழுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம், அலுவலகத்துக்கும் அனுப்பலாம். பஸ் கம்பெனி கேட்டிருப்பது இரண்டாவது.

"எழுப்புறது எனக்கு வேணும்டா. அன்னைக்கு இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். கோள் சொல்றதுதான் வேண்டாம்."

இருபத்தைந்து வயதுக்காரனும் இதைச் சொல்லவில்லை, தானும் இதுவரை சொல்லவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"உன் பேரை நான் சொல்ல மாட்டேன். உன் வேலை போயிடும். தம்பி சொன்னான், தம்பி சொன்னான்னு இத்தனை நாள் டிப்போ பூரா சொல்லிட்டுத் திரிஞ்சதே போதும்."

டிப்போ வாசலில் பார்த்தால் ஒரே கூத்தாக இருந்தது. ஓட்டுநர் அத்தனை பேரும் மலிவான கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ மொத்தமாக வாங்கி வந்து விநியோகம் செய்திருந்தார்கள். அப்பாவுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட டயர் மேல் அவர் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணையில், கப்பலே அவருக்காகத்தான் காத்திருப்பது போல இருந்தது. மேசை மேல் தாங்கியில் கேமரா. பக்கத்தில் மேனேஜர், விருந்துக்கு வந்தவர் போல நல்ல குஷியில் இருந்தார். முடிவு தெரிந்த பந்தயத்தில் யாருக்குத்தான் குஷி வராது.

அக்காவிடம் ஒருத்தர் கண்ணாடியை நீட்டினார். அவள் வாங்கி, மடித்து, மேசையில் வைத்தாள்.

"பந்தயம் வேண்டாம் சார். நான் தோத்துட்டேன்னே வெச்சுக்குங்க. கண்ணாடிக்குள்ளயும் அது பார்க்கும்."

கூட்டத்தில் சலசலப்பு. ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். மேனேஜர் கையெழுத்துத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் தாளைத் தொடவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, போன மாதம் பெட்ரோல் பங்க் வளைவில் தான் தூங்கியதை, முன்சக்கரம் ஏறியதை, யாரும் நிற்காததால் மட்டுமே தப்பித்ததை, ஒன்று விடாமல் சொன்னாள். அவள் முடித்தபோது அப்பா டயரிலிருந்து எழுந்துவிட்டிருந்தார்.

இதை அன்றைக்கே ஏன் எழுதிக் கொடுக்கவில்லை, இதற்கு வேலையே போகலாம் தெரியுமா என்று மேனேஜர் கேட்டார்.

"உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே சார். என் வண்டியில கேமரா வெச்சிருந்தீங்களே."

"கையெழுத்து வாங்காம எந்த வண்டியிலயும் வெக்கலை. யார் சொன்னது உனக்கு?"

அக்கா பதில் சொல்லவில்லை. தம்பி நின்ற பக்கம் திரும்பவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த அமைதியை மேனேஜர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, வதந்தியைக் கிளப்புகிறவர்களைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"நான் சொன்னேன்."

குடைச்சல் முன்னால் வந்தான். தான் யார், எங்கே வேலை செய்கிறான் என்று சொன்னான். அக்கா தூங்கிய வீடியோ தன் மேசைக்கு வந்தது என்றான். முகத்தை அழித்துவிட்டுத்தான் தருவார்கள், அதனால் இத்தனை நாள் தெரியவில்லை, கையைப் பார்த்து இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்றான்.

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து, நான்கடி தள்ளிப் போனார்.

ஓட்டுநர்களில் மூத்தவர் ஒருத்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை. இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினார். இடது ஆள்காட்டி விரலில் நகம் இல்லை.

"தம்பி, இதைப் பார்த்திருக்கியா?"

அவன் குனிந்து பார்த்தான். இல்லை என்று தலையசைத்தான். அவர் மூச்சை விட்டார்.

அவர் நகர்ந்த இடத்தில் இன்னொருத்தர் வந்து நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. தழும்பு, மோதிரம், பச்சை குத்திய பெயர், டீசல் ஏறிய நகக்கண். பையில் அவன் போன் அதிர்ந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது. எடுக்கவில்லை.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தவர் சின்ன வயசுக்காரர். நீட்டிய கையில், கடிகாரம் மணிக்கட்டுக்கு உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தது. அந்தக் கடிகாரத்தைக் குடைச்சலுக்குத் தெரியும். நிமிர்ந்து, முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்தான்.